இரண்டு காதுக்கு அரை கேம்

என் காதுகளில் இரண்டு துளைகள் இருக்கின்றன. கடுக்கன் எதுவும் போடுவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று மடலை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் முகம் கழுவும்போது கை அங்கே பட்டுவிட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். காது குத்தியதற்காக அல்ல, அதற்குப் பேசிய கூலி ஒழுங்காக வந்து சேரவில்லை என்பதற்காக. இரண்டு காதைக் கொடுத்தால் ஒரு முழு வீடியோ கேம் என்பது ஒப்பந்தம். நான் இரண்டு காதையும் கொடுத்தேன். என் கைக்கு வந்தது அரை கேம்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட, ஆறாம் வகுப்பு முடித்த வயதில், கூடப் படிக்கும் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்தவர் இல்லை.

எங்கள் பக்கம் அது கைக்குழந்தையிலேயே முடித்துவிடுகிற காரியம். குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்து, ஆசாரி தங்கக் கம்பியை ஏற்றும்போது வாயில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்துவிட்டால், பிள்ளை கொஞ்சம் அழுதுவிட்டுத் தூங்கிப்போகும். எனக்கு மட்டும் அது ஆண்டுக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது. காரணம் பெரிய மாமா.

அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு ஆண்கள். அண்ணன் வெளிநாட்டில் கிரேன் ஓட்டினார். தம்பி மதுரையில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தார். முதலாமவர் எனக்குப் பெரிய மாமா, இரண்டாமவர் சின்ன மாமா. மூத்த தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் சனத்தில் ஒருவரும் கேள்வி கேட்காத சட்டம். பெரிய மாமாவோ ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் வருவார். மேலூரை அடுத்த எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், எந்தக் காரியத்தை எடுத்தாலும் “பெரியவன் வரட்டும்” என்பதுதான் பதில். மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்றுவதா, பெரியவன் வரட்டும். கிணற்றில் தூர் வாருவதா, அதற்கும் பெரியவன் வரட்டும். அப்படியே என் காதும் அவருக்காகக் காத்திருந்தது.

சின்ன மாமா வாராவாரம் வந்தார். அவர் வருவது டவுன் பஸ் வருவது மாதிரி. அதற்காக யாரும் வாசலுக்கு ஓடுவதில்லை. என் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாகப் படித்து முடிக்கப்போகிற முதல் ஆள் நான். முதல் நாள் என்னைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டவர் சின்ன மாமா. அடுத்த தெருவில் இறங்கி அழுதுகொண்டே ஓடிவந்த என்னைத் துரத்திப் பிடித்து, தோளில் போட்டுக்கொண்டு, வேனை மறித்து மறுபடி ஏற்றிவிட்டவரும் அவர்தான். இதெல்லாம் அன்றைக்கு என் கணக்கில் ஏறவே இல்லை. பெரிய மாமா அனுப்பிய சாக்லேட் டப்பா காலியான பிறகும் எங்கள் வீட்டு அலமாரியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இனி கேம். மேலூரில் என் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அவன் அப்பாவுக்குக் கல் ஏற்றுகிற லாரிகள் ஓடின. அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் கோடாரிக்காரனைப் பார்த்தேன். அவனுக்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் இருந்தது. நாங்கள் கோடாரிக்காரன் என்றே சொன்னோம். இரண்டு கையிலும் கோடாரி, முதுகில் கரடித் தோல். கடலில் மூழ்கிய ஒரு நகரத்தைத் தேடித் தீவு தீவாகப் போவான். எதிரே வருகிறவனையெல்லாம் வெட்டிப் போடுவான், மதில் ஏறுவான், ராட்சத மீனின் வாயைப் பிளப்பான். எனக்குப் பார்க்க மட்டுமே அனுமதி. “நான் செத்தா ஒனக்குத் தாரேன்டா” என்பான் தோழன். அவன் சாவதே இல்லை. செத்தாலும், “இது செத்ததுல சேராது, கை வழுக்கிருச்சு” என்று மறுபடி தொடங்கிவிடுவான். ஒரு வருடம் முழுக்க நான் அந்தக் கோடாரிக்காரனின் முதுகையும் தோழனின் முதுகையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் பெரிய மாமா உறுதியாக வருவதாகச் சொன்னார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று போனில் சத்தமாகச் சொன்னது அடுத்த வீடு வரை கேட்டது. வீடு கிடுகிடுவென்று இயங்க ஆரம்பித்தது. கிடா வாங்கினார்கள், பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் சொன்னார்கள். சின்ன மாமா தன் கடையிலேயே பிளக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். வேன் நீளத்துக்கு இருந்தது. நடுவில் பெரிய மாமா, கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மார்பு வரை. அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம் கர்ஜித்தது. தலைக்கு மேல் ‘தாய்மாமன் வருகிறார்’ என்று தங்க நிற எழுத்துகள். அடியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வட்ட வட்டமாக, பொத்தான் தைத்த மாதிரி வரிசையாக இருந்தார்கள். அந்த வரிசையின் ஓரத்தில், தேடிப் பார்த்தால், சின்ன மாமாவும் இருந்தார். பிளக்ஸ் அருமையாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் சிங்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

விசேஷத்துக்கு முந்தின வாரம் பெரிய மாமா மறுபடி போன் பண்ணினார். லீவு கிடைக்கவில்லையாம். அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பாவும் பெரியப்பாவும் நெடுநேரம் பேசி, வேறு வழியில்லை, கிடா வாங்கியாகிவிட்டது, சின்னவன் மடியிலேயே முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். பெரியப்பா அதைச் சொன்ன விதத்தில், கரண்ட் இல்லாததால் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்கிற மாதிரி ஒரு சலிப்பு இருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! வெளிநாட்டு மாமா மடி என்றாலாவது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். வாராவாரம் பார்க்கிற சின்ன மாமா மடியில் உட்காருவதற்கு எதற்கு மொட்டை, எதற்கு மேளம்? நான் வயலுக்குப் போய், மோட்டார் ரூம் மேலே ஏறி, ஏணியையும் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்பா கீழே நின்று மிரட்டினார். அம்மா கெஞ்சினாள். பெரியப்பா, அப்படியே கிடக்கட்டும், வெயில் ஏறினால் தானாக இறங்குவான் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறியது, நான் இறங்கவில்லை. கடைசியில் சின்ன மாமா வந்தார். வரப்பில் உட்கார்ந்து கால் நகத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் எடுத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன மாப்ள, மேல காத்து நல்லா வருதா?”

“நான் மடியில உக்கார மாட்டேன்.”

“சரி, உக்காராத.”

“காதும் குத்த மாட்டேன்.”

“அது முடியாதுடா. ஒன் காதுக்குன்னு ஒரு கெடாய வாங்கிக் கட்டியிருக்கு. அம்புட்டுத் தழையையும் தின்னுப்புட்டு நிக்கிது. அதுக்கு யாரு பதில் சொல்றது?”

“பிளக்ஸ்ல பெரிய மாமாதான இருக்காரு. அப்புறம் நீங்க எதுக்கு?”

அவர் குச்சியைக் கீழே போட்டார். “பிளக்ஸ்ல மடி இல்லடா மாப்ள. நெஞ்சோட வெட்டிட்டேன். எங்கிட்டு உக்காருவ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டேன். நான் இளகிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“என்னதான் வேணும்? கேளு.”

“கோடாரி கேம்.”

“ஒரு காதுக்கா, ரெண்டு காதுக்கா?”

“ரெண்டுக்கும் சேத்து. முழு கேம்.”

“அம்புட்டுத்தான? ஏணியப் போடு.”

இதில் எந்த இடத்திலாவது குழப்பம் இருக்கிறதா? முழு கேம் என்று நான் தெளிவாகச் சொன்னேன். அவர் அதைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

விசேஷத்தன்று கண்மாய்க்கரைக் கோயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் முன்னே வர, மாலை போட்ட கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சின்ன மாமா நடந்து வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வாசலில் சிங்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்த பெரிய மாமாவைக் கடந்து உள்ளே வந்தார். அந்த மேளச் சத்தத்தில் அவர் நடை கொஞ்சம் மாறியிருந்ததாக எனக்கு ஞாபகம். எப்போதும் தலையைக் குனிந்து நடப்பவர் அன்றைக்கு நிமிர்ந்து நடந்தார். பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டி, “வா மாப்ள” என்றார்.

உட்கார்ந்தேன். என் கால்கள் அவர் முழங்காலைத் தாண்டித் தரையில் நீட்டிக்கொண்டு நின்றன. கூட்டத்தில் யாரோ, “யாரு மடியில யாருப்பா?” என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சின்ன மாமாவும் சிரித்தது அவர் வயிறு குலுங்கியதில் எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு கையால் என் நெற்றியைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி வலது காதில் மையால் புள்ளி வைத்தார். “கேம்ல மொத ஆளு யாருடா வருவான், சொல்லு,” என்று மாமா காதோரம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கம்பி ஏறிவிட்டது. வெல்லக்கட்டியைத் திணித்தவரும் அவர்தான். நான் அழவில்லை. ஒப்பந்தத்தில் அதுவும் உண்டு என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசாரி இடது காதுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் கரை மேல் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மேளக்காரர்கள் என்ன ஏது என்று கேட்காமலேயே அந்தப் பக்கம் திரும்பி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு பெரிய மாமா இறங்கினார். பிளக்ஸில் இருந்த அதே கறுப்புக் கண்ணாடி. கடைசி நேரத்தில் லீவு கிடைத்துவிட்டதாம், எல்லாரையும் அசத்த வேண்டும் என்று சொல்லாமல் வந்தாராம். அம்மா ஓடிப்போய் அழுதாள். பந்தலே எழுந்து காரைச் சுற்றி நின்றது. மடியில் நானும், எனக்குக் கீழே சின்ன மாமாவும், கையில் கம்பியோடு ஆசாரியும் மட்டும் மிச்சம்.

பெரியப்பாதான் வந்தார். “ஏப்பா, மூத்தவன் வந்துட்டான்ல? பிள்ளைய எறக்கு.”

“ஒரு காது முடிஞ்சிருச்சே...” என்றாள் அவர் பின்னாலேயே வந்த அம்மா. அதற்குமேல் அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அது மேளத்தில் போய்விட்டது.

“அதுக்கென்ன, இன்னொரு காது இருக்குல்ல?” என்றார் பெரியப்பா. எல்லாரும் அதையும் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

சின்ன மாமா என் வலது காதில் கசிந்த ரத்தத்தைத் துண்டு நுனியால் ஒற்றி எடுத்தார். பிறகு என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்த பெரிய மாமாவின் மடியில் அவரே வைத்தார். “கனமா இருப்பாண்ணே, பாத்துப் புடி” என்றார். புதுத் துணி வாசனையும் சென்ட் வாசனையும் என்னைச் சூழ்ந்தன. இடது காது குத்தப்பட்டது. போட்டோக்காரர், வலது காதுக்கும் குத்துகிற மாதிரி ஒரு போஸ் கொடுக்கச் சொன்னார். ஆசாரி கம்பியை வலது காதருகே சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆல்பம் இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் என் இரண்டு காதும் பெரிய மாமா மடியில்தான் குத்தப்படுகின்றன.

இன்றைக்கு அந்த ஆல்பத்தைப் பார்த்தால் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு ஒரு நீண்ட வரிசையே தோன்றும். பெரியப்பா, போட்டோக்காரர், கேட்காமல் திரும்பிக்கொண்ட மேளக்காரர்கள், கறுப்புக் கண்ணாடி. அன்றைக்கோ எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. ஒப்பந்தம் போட்ட மாமாவின் மடியில் ஒரு காதுதான் குத்தியிருக்கிறது. நாளைக்கு இதைச் சொல்லியே அவர் கையை விரித்துவிட்டால்? மாலையும் சங்கிலியுமாக ஓடினேன். பந்தி நடக்கும் இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார் சின்ன மாமா. புதுச் சட்டையைக் கழற்றி எங்கோ மாட்டியிருந்தார்.

“மாமா, கேம் உண்டுல்ல?”

அவர் என்னைப் பார்த்தார். குழம்புக் கரண்டி வாளிக்கு மேலே அப்படியே நின்றது.

“ரெண்டு காதுக்கும் உண்டுடா,” என்றார். “போ, சாப்புடு.”

பெரிய மாமா அந்த வாரக் கடைசியிலேயே விமானம் ஏறிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா என்னை ஆரப்பாளையம் கூட்டிப்போனார். முதலாளி இல்லாத நாள், அவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார். பிளக்ஸ் கடையில் மை வாசனை மூக்கில் ஏறியது. சுவர் முழுக்க யார் யாரோ வீட்டுக் கல்யாணங்களும் கண்ணீர் அஞ்சலிகளும் சாய்ந்து நின்றன. அங்கே இருந்த கம்ப்யூட்டர் என் தோழன் வீட்டுக் கம்ப்யூட்டரைவிடப் பெரியது. மாமா டிராயரிலிருந்து ஒரு டிவிடியை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் அதே பெயர், அதே கடல், அதே கோடாரி! நான் கடையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கேம் தொடங்கியது. திரையில் கூன் விழுந்த ஒரு ஆள் சதுப்பில் நின்றுகொண்டிருந்தான். நான் அவன் போகட்டும், கோடாரிக்காரன் வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் போகவில்லை. நான் பொத்தானை அழுத்தினால் அவன் நடந்தான். விட்டால் நின்றான். எனக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. அந்த ஆளை எனக்குத் தெரியும். தோழன் வீட்டுக் கேமில், முதல் காட்சியில், கோடாரிக்காரனைத் தீவில் இறக்கிவிடுகிற படகுக்காரன். “சீக்கிரம் இறங்கு” என்று ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுக் காணாமல் போகிறவன். அவன்தான் இதில் கதாநாயகன்!

“மாமா! கோடாரிக்காரன் எங்க?”

மாமா தரையில் பரப்பிய பிளக்ஸின் ஓரத்தில் ஓட்டை போட்டு வளையம் அடித்துக்கொண்டிருந்தார். “வருவான்டா. வெளையாடு.”

வெளையாடு என்றால் எதை வைத்து விளையாடுவது? அந்தப் படகுக்காரனிடம் ஒரு துடுப்பு, ஒரு கயிறு, ஒரு லாந்தர் விளக்கு, அவ்வளவுதான். நான் முதல் எதிரியைத் துடுப்பால் அடித்தேன். துடுப்பு ஒடிந்தது, நான் செத்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி செத்தேன். தோழனின் ஒரு வருடச் சாவுகளையும் நான் அரை மணியில் செத்து முடித்தேன். பிறகுதான் கண்டுபிடித்தேன்: எதிரி வந்தால் அடிக்கக் கூடாது, படகைக் கவிழ்த்து அதன் அடியில் ஒளிய வேண்டும். காலடிச் சத்தம் தலைக்கு மேல் போகும்வரை மூச்சை அடக்கிக் கிடக்க வேண்டும். வெட்டிச் சாய்க்க வேண்டிய கேமில் ஒளிந்து கிடப்பதா! எனக்கு அவமானமாக இருந்தது.

ஆனாலும் விளையாடினேன். சதுப்பில் சிக்கியவர்களுக்குக் கயிறு போட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமாகப் படகில் ஏற்றி அக்கரையில் விட வேண்டும். திரும்பி வரும்போது கடலுக்குள் நிற்கும் பாறைகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்ற வேண்டும். காற்று அடித்தால் விளக்கு அணையும், மறுபடி போய் ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் நான் கோபப்பட மறந்துவிட்டேன். மாமா வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டு என் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பாறையில ஏத்தாம வந்துட்ட பாரு” என்று கை நீட்டிக் காட்டினார். “அலை வருது, கயித்த விடாத, விடாத...” என்று அவரே கையை இறுக்கினார். வெளியே யாரோ பிளக்ஸ் கேட்டு வந்து ஷட்டரைத் தட்டியபோது, நாளைக்கு வரச் சொல்லி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானத்தில் கேம் முடிந்துவிட்டது. புயல் அடிக்கிறது, எல்லாப் பாறைகளிலும் விளக்கு எரிகிறது, கடல் நடுவே வழி தெளிவாகத் தெரிகிறது. படகுக்காரன் கடைசிக் குடும்பத்தையும் இறக்கிவிட்டுக் கரைக்கு வருகிறான். அங்கே நிற்கிறான் கோடாரிக்காரன்! நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இனி இவனை என் கையில் கொடுப்பார்கள், அடிதடி ஆரம்பமாகும். கோடாரிக்காரன் படகுக்காரனை ஏறிட்டும் பார்க்காமல் படகில் ஏறி உட்கார்ந்தான். அந்த விளக்குகளின் வழியே படகு போனது. தீவு வந்தது. படகுக்காரன் சொன்னான்: “சீக்கிரம் இறங்கு.” திரை இருண்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

“அம்புட்டுத்தானா?” என்று கத்தினேன். “இத்தனையும் செஞ்சது இவன்! விளக்கு ஏத்துனது இவன்! அவன் நோகாம வந்து ஏறி உக்காந்துட்டுப் போறான்! இது என்ன மாமா அநியாயம்?”

மாமா பெயர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்திட்டு வந்தவங்க எல்லாரும் கரை சேந்தாய்ங்கள்ல?” என்று கேட்டார்.

“சேந்தாங்க. அதுக்கு?”

“அப்புறம் என்னடா.”

இதுவா பதில்? மறுநாள் தோழனிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அது கேமே இல்லடா, கேமோட வாலு! படகுக்காரன வச்சு வெளையாடுனியா? துடுப்பப் போட்டியா?” என்று ஊரெல்லாம் சொல்லி, விடுமுறை முடியும்வரை என்னைப் ‘படகு’ என்று கூப்பிட வைத்தான். என் ஆத்திரம் எல்லை மீறியது. எட்டாம் வகுப்போடு நின்ற மாமாவை ஆங்கில அட்டையைக் காட்டி எவனோ ஏமாற்றிவிட்டான், படித்தவன் நான் போய்க் கேட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்று முடிவு செய்தேன். அந்த வாரமே மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மதுரையில் அவர் அதை வாங்கிய டிவிடி கடைக்குப் போனேன். மாமா வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

கடைக்காரர் ஒல்லியான இளைஞர். நான் அட்டையை மேசையில் வைத்து, முழு கேம் கேட்டவருக்கு வால் கேமைக் கொடுத்து ஏமாற்றலாமா என்று, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக் குரலில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், என் காதுகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“தம்பி, நான் ரெண்டையும் எடுத்து வச்சேன். ரெண்டும் ஒரே விலைதான். இதுல கோடாரிக்காரன் இல்லண்ணே, அவன ஏத்திட்டுப் போற படகுக்காரன் கதைன்னு சொன்னேன். பெரிய கேம் இல்லாம இது தனியா ஓடுமான்னு கேட்டாரு. ஓடும்ணே, இதுக்கு அது வேணாம்னேன். நெசமாத்தான் சொல்றியா, தனியா ஓடுமான்னு திரும்பக் கேட்டாரு. ஓடும்னேன். அப்ப இதையே குடுன்னு வாங்கிட்டுப் போனது ஒங்க மாமாதான்.”

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதிர்ச் சுவரில் தொங்கிய அட்டைகளைப் படிப்பது போல நின்றார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. அவர் தெரிந்தே என்னை ஏமாற்றியிருக்கிறார்! அதுவும் காசு மிச்சம் பிடிக்க என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம், ஒரே விலையாம்!

“ஏன் மாமா?”

“கோடாரிக்காரன் கதையத்தான் அம்புட்டுப் பேரும் வெளையாடுறாய்ங்களேடா,” என்றார், அட்டைகளைப் பார்த்தபடியே.

இப்படி ஒரு காரணத்தை எந்தப் பதினொரு வயதுக்காரன் ஏற்றுக்கொள்வான்? நான் ஏற்கவில்லை.

பல வருடம் கழித்து, பசுமலைப் பக்கம் கல்லூரியில் படிக்கும்போது, விடுதி நண்பனின் லேப்டாப்பில் அந்தப் பெரிய கேம் எனக்குக் கிடைத்தது. கோடாரிக்காரன் கடைசியில் என் கையில். முதல் காட்சி ஓடியது. இருண்ட கடல், தூரத்தில் பாறைகள், ஒவ்வொரு பாறையிலும் ஒரு சின்ன வெளிச்சம். பள்ளி நாளில் தோழனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது அந்த வெளிச்சங்கள் என் கண்ணில் பட்டதே இல்லை. படகு கரை தட்டியது. “சீக்கிரம் இறங்கு” என்றான் படகுக்காரன். இறங்கினேன். போக வேண்டிய திசையை அம்புக்குறி காட்டியது. நான் போகவில்லை. கோடாரிக்காரனைத் திருப்பிப் படகின் முன்னால் நிறுத்தினேன். அவனிடம் ஏதாவது பேச முடியுமா என்று எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பேசுவதற்கு அந்தக் கேமில் வழியே வைக்கவில்லை. வெட்ட வழி வைத்திருக்கிறார்கள், ஏற வழி வைத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்ல வழி வைக்கவில்லை. “என்னடா, அங்கயே நின்னுக்கிட்டு? முன்னால போடா” என்றான் நண்பன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தின் காரணத்தை அவனுக்குச் சொன்னால் புரிந்திருக்காது.

ஆனால் அது பின்னால் வந்த கோபம். டிவிடி கடையிலிருந்து திரும்பிய அன்றைக்கு என்னிடம் இருந்தது பழைய கோபம் மட்டும்தான். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வாங்கித் தந்த கடலைமிட்டாயையும் தொடவில்லை. ஒத்தக்கடை தாண்டியதும் காற்றில் தூசி அடித்தது, காது இரண்டும் விண் விண்ணென்று வலித்தன. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். வேளைக்கு வேளை தடவிவிடச் சொல்லி அம்மா கொடுத்தனுப்பியது.

என் தலையைத் தன் பக்கம் திருப்பி, வலது காதில் தடவினார். கம்பியை மெதுவாகத் திருகிவிட்டு, வலிக்காமலிருக்க ஊதினார். பஸ் குலுங்கியபோதெல்லாம் கையை நிறுத்தி, குலுக்கல் நின்றதும் தொடர்ந்தார். முடித்துவிட்டுப் புட்டியை மூடினார்.

நான் பேசக் கூடாது என்ற சபதத்தை முறித்துக்கொண்டு கேட்டேன். “இந்தக் காது?”

“அது பெரிய மாமா காதுடா மாப்ள. அவரத்தான் கேக்கணும்,” என்று சிரித்தார்.

“அவருதான் பிளைட் ஏறிட்டாரே!”

“ஏறிட்டாருல்ல?” என்றார்.

நான் இடது காதைக் காட்டியபடியே காத்திருந்தேன். கேமில்தான் பாதி என்றால் எண்ணெயிலுமா பாதி? எனக்கு வந்த கோபத்தில் மூக்கு விடைத்தது. மாமா கையில் மூடிய புட்டியை வைத்துக்கொண்டு, வெளியே ஓடுகிற வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் நிறுத்தம் வந்து போனது. அதன்பிறகுதான் புட்டியைத் திறந்து, என் தலையை அந்தப் பக்கம் திருப்பி, இடது காதிலும் தடவிவிட்டார். அதே மாதிரி ஊதவும் செய்தார்.

ஒரு சின்னப் புட்டியைத் திறக்க அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மூடி இறுகிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.